பத்தொன்பதாவது கட்டம்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. அவளைத் தாண்டி ஒரு பிழை வெளியே போனதில்லை என்பதால் புரோகிராமர்கள் வைத்த பெயர் அது. பாதி கேலி, பாதி மரியாதை. எட்டு வருஷமாக அந்தப் பெயரை அவள் உள்ளூர ரசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த நிறுவனம் விற்றது ஓர் எடிட்டர். கடிதம் எழுதுகிற எடிட்டர் இல்லை. ஆன்டாலஜி எழுதுகிற எடிட்டர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாமியார், "அப்படி என்னதான்மா பண்றே அங்க?" என்று கேட்டபோது அவள் சொன்ன விளக்கம் இது: "நம்ம வீட்டு உறவுமுறைய எழுதி வைக்கிற மாதிரிதான் அத்தை. இன்னார் இன்னாருக்கு மாமா, இன்னார் இன்னாருக்குச் சித்தின்னு எழுதறோம் இல்லையா. அதுல மனுஷங்களுக்குப் பதிலா மருந்து, நோய், உடம்போட பாகம் எல்லாம் வரும். எது எதுக்கு என்ன உறவுன்னு எழுதி வச்சா கம்ப்யூட்டரே மீதிய யோசிச்சுச் சொல்லும்."

மாமியார் கொஞ்ச நேரம் யோசித்தார். "என்னைக் கேட்டா நானே சொல்லிடுவேனே. இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்?"

இணையம் முழுக்க இப்படிப்பட்ட உறவுக் கோப்புகள் கிடக்கின்றன. மனிதன் படிக்க இல்லை, இயந்திரம் படித்துப் புரிந்துகொள்ள. செமான்டிக் வெப் என்பது அதற்குத் தொழிலில் உள்ள பெயர். யார் யாரோ, எந்தெந்த மென்பொருளிலோ எழுதிய கோப்புகள் அவை. அவற்றை இந்த எடிட்டருக்குள் இறக்குமதி செய்தால், உள்ளே போனது எல்லாம் அப்படியே வந்து சேர்கிறதா, வழியில் ஏதாவது தொலைகிறதா, கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த வெளியீட்டுக்கு முன்னால் இதற்கென்று தனியாக ஓர் அறிக்கை வேண்டும் என்று மேலாளர் கேட்டிருந்தார். அதைத்தான் அந்த வாரம் முழுக்க அவள் செய்துகொண்டிருந்தாள்.

சோதனைக்குச் சின்னக் கோப்புகள் வேண்டும். விடை நமக்கு முன்கூட்டியே தெரிந்த கோப்புகளாக இருந்தால் நல்லது. அதனால் தன் குடும்பத்தையே எழுதிக்கொண்டாள். தன் பிறந்த வீட்டு உறவுகள் ஒரு கோப்பு, கணவன் வீட்டு உறவுகள் இன்னொரு கோப்பு. இரண்டிலும் கொள்ளுத்தாத்தா வரைக்கும் போனாள். அவள் அப்பாவின் தாத்தா பெயர் யாருக்கும் தெரியவில்லை. கணவனின் அப்பாவுக்குத் தாத்தா பெயரும் யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, 'யாரோ ஒருவர்' என்று எழுதிவிடலாம். அந்த யாரோ ஒருவருக்கு மென்பொருள் ஒன்று, இரண்டு என்று ஒரு தற்காலிக எண்ணை ஒட்டும். அந்தக் கோப்புக்குள் மட்டும்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. ஒரு வகுப்பில் முதல் பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்த பையனும், அடுத்த வகுப்பில் முதல் பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்த பையனும் ஒரே பையனாக முடியாது அல்லவா, அதுபோல.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு இரண்டு கோப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினாள். உறவுகளைக் கணக்கிடச் சொல்லிப் பொத்தானை அழுத்திவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போனாள். திரும்பி வருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரன் அவள் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இறக்குமதிப் பகுதியை எழுதியவன் அவன்தான். வேகமாக எழுதுவான் என்பதால் மின்னல் என்று கூப்பிடுவார்கள்.

"அக்கா, விஷயம் தெரியுமா? உங்க வீட்டுக்காரர் உங்களுக்கு அண்ணன் முறை ஆகறாராம்."

அவளும் சிரித்தாள். திரையில் அப்படித்தான் இருந்தது. கணவன் பெயருக்கு நேரே 'உடன்பிறந்தார் முறை' என்று எழுதியிருந்தது. "பதிமூணு வருஷம் கழிச்சுச் சொல்றதைப் பாரு," என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் எழுந்து வந்து பார்த்துச் சிரித்தார்கள்.

சிரித்துக்கொண்டே காரணத்தைத் தேடினாள். கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் கோப்பில் பெயர் தெரியாத கொள்ளுத்தாத்தாவுக்கு எண் ஒன்று. கணவன் கோப்பிலும் எண் ஒன்று. எடிட்டர் இரண்டையும் ஒரே ஆளாக்கிவிட்டது. ஒரே கொள்ளுத்தாத்தா என்றால் இரண்டு வீடும் பங்காளி வீடு. அவளும் கணவனும் அண்ணன் தங்கை.

"மின்னல், இந்த எண்ணை மாத்தற வேலைய முன்னாடி எங்க வச்சிருந்தே?"

"அதுவா? ஏத்தும்போது ஒவ்வொரு கோப்புக்கும் புது எண் குடுக்கற ஒரு படி இருந்துச்சுக்கா. ஸ்பீடு பத்தலைன்னு போன வெர்ஷன்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான்.

போன வெர்ஷன் வெளியாகி ஆறு வாரம் ஆகிவிட்டது. அதை வாங்கியவர்களில் ஒன்று அதே நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி. எந்த மருந்தை யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், எதோடு எதைக் கொடுக்கக் கூடாது என்கிற ஏட்டை அவர்கள் இந்த எடிட்டரில்தான் வைத்திருந்தார்கள். டாக்டர் மருந்தளவைத் தட்டச்சு செய்தால், அந்த ஏட்டைப் பார்த்துத் திரை பச்சையாகும் அல்லது சிவப்பாகும். பெரியவர்களுக்கு ஒரு கோப்பு. குழந்தைகளுக்குத் தனிக் கோப்பு. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏற்றுவார்கள்.

அவள் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்தாள்.

"சிரிக்காதீங்க," என்றாள், யாரும் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தபோது.

ஆஸ்பத்திரிக் கோப்புகளின் பிரதி அவர்களிடம் இருந்தது. கோப்பின் பெயரை மூன்று தடவை தப்பாக அடித்தாள். ஏற்றினாள். உள்ளே போனதையும் வந்து சேர்ந்ததையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் நிரலை ஓடவிட்டாள். பல்லாயிரம் வரிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தப் பெயர் இருந்தது. அவை பத்திரமாக வந்திருந்தன. பெயரில்லாத பதிவுகள் கொஞ்சம். அவற்றில் பதினொன்று மட்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். மூன்று வெறும் குறிப்புகள், கேடில்லை. ஏழு, தோலில் தடவும் களிம்புகளைப் பற்றியவை. கடைசியாக இருந்தது இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் ஒரு மருந்தின் உச்ச வரம்பு. 'ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு வேளைக்கு இதற்கு மேல் கூடாது' என்ற எண்ணும், பெரியவர்களுக்கான எண்ணும் ஒரே பதிவில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. இரண்டு எண் இருந்தால் ஆஸ்பத்திரித் திரை பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆறு வாரமாக அந்தக் குழந்தைகள் வார்டில் அந்த ஒரு மருந்துக்குக் குழந்தைகளுக்கான வரம்பு என்று ஒன்று இருக்கவில்லை.

மின்னலின் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, நான் இதை யோசிக்கவே இல்லக்கா. ஆனா ரெண்டு கோப்பையும் சேர்த்து ஏத்திப் பார்க்கற டெஸ்ட் ஒண்ணு உங்க லிஸ்ட்ல இருக்குமே. அது எப்படி பாஸ் ஆச்சு?"

அவன் குற்றமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அது எப்படித் தேறியது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். வெளியீட்டுக்கு முன் அவள் கையெழுத்திடும் சோதனைப் பட்டியலில் முப்பத்திரண்டு கட்டங்கள். பத்தொன்பதாவது கட்டம்: 'இரண்டு கோப்புகளை அடுத்தடுத்து ஏற்றிச் சரிபார்த்தது.' ஆறு வாரத்துக்கு முந்தைய அந்த மதியம், மகளுக்குக் காய்ச்சல், உடனே வந்து அழைத்துப் போங்கள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. கணவன் வெளியூரில். பதினெட்டு கட்டம் முடித்திருந்தாள். மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றால், நாளை காலை வெளியீடு. இருபதிலிருந்து முப்பத்திரண்டு வரை எல்லாம் இயந்திரமே தானாக ஓட்டும் சோதனைகள், ஓடி முடித்திருந்தன. பத்தொன்பது மட்டும் கையால் செய்ய வேண்டியது. போன தடவை சரியாக இருந்தது, அதற்கு முந்தின தடவையும் சரியாக இருந்தது என்று நினைத்தாள். டிக் போட்டாள். பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு அதை ஒருநாளும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

மேலாளர் ஐம்பது வயதுக்காரர், எதற்கும் குரல் உயர்த்தாதவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பேனாவைத் திறந்தார், மூடினார்.

"நிச்சயமா தெரியுமா? நம்ம மெஷின்ல அப்படி வருதுன்னா அவங்க மெஷின்லயும் அப்படித்தான் இருக்கணும்னு இல்லையே."

"அதே வெர்ஷன், அதே கோப்பு சார். வேற மாதிரி வர வழியே இல்ல."

"சரி. நான் அவங்க கம்ப்யூட்டர் பிரிவுக்குச் சொல்றேன்." அவள் எதிரிலேயே போன் செய்தார். மணி அடித்தது, பிறகு பதிவு செய்த குரல் பேசியது. இன்னொரு எண்ணுக்கு அடித்தார். அதே குரல். அவசரம் என்று தலைப்பிட்டு மின்னஞ்சல் எழுதினார்; 'வரம்பு தவறாகத் தெரிய வாய்ப்புள்ளது' என்று ஒரு வரி எழுதி, 'வாய்ப்புள்ளது' என்பதை அழித்து, மறுபடி எழுதினார். அனுப்பினார். "மெயில் போட்டாச்சு. பார்த்துப்பாங்க."

"எப்ப பார்ப்பாங்க சார்?"

"நீ பதறாதே. வேற யாருக்கும் இப்போதைக்குச் சொல்லிட வேண்டாம். வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்," என்றார். அவர் மேல் உதட்டில் வியர்த்திருந்தது. அவரும் பயந்துபோயிருந்தார் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

படிக்கட்டுக்கு வந்து நாத்தனாருக்குப் போன் அடித்தாள். கணவனின் தங்கை அந்த ஆஸ்பத்திரியில், அந்தக் குழந்தைகள் வார்டிலேயே நர்ஸ். முப்பத்தைந்து வயதாகியும் வீட்டில் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். மாமியாரை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சில் வார்த்தை தடித்து, ஏழு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேண்டுமென்றே எடுக்கவில்லையா, வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவாளா? தெரியவில்லை. வார்டு எண்ணுக்கு அடித்தாள். 'யாரு நீங்க, நோயாளிக்கு என்ன உறவு?' என்று ஒரு குரல் கேட்டது. அவள் சொல்ல ஆரம்பித்தது அந்தக் குரலுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காத்திருக்கச் சொல்லிவிட்டு இணைப்பு போய்விட்டது.

மணி பன்னிரண்டே முக்கால். யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கி ஒரு டாக்ஸியை நிறுத்தினாள்.

வழி நெடுக அந்தக் கட்டத்தை நினைத்துக்கொண்டு போனாள். ஆறு வாரம். ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைகள். அதில் எத்தனை பேருக்கு அந்த மருந்து. டாக்டர்கள் சரியாக எழுதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வரம்பு என்பது தப்பு நடந்தால் பிடிக்கத்தானே. தப்பு நடந்திருக்காது. நடந்திருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும். தெரியாமலும் இருக்கலாம். சிக்னலில் வண்டி நின்றபோது மூச்சு விடுவதையே மறந்திருந்தது தெரிந்து இழுத்து விட்டாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "ஆஸ்பத்திரில யாராச்சும் சீரியஸாங்க?" என்று கேட்டார். "தெரியலங்க," என்றாள். அவர் அதற்கு மேல் கேட்காமல் சந்து வழியாக ஓட்டினார்.

குழந்தைகள் வார்டு நான்காவது மாடி. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் காவலாளி நின்றுகொண்டிருந்தார். பார்வை நேரம் நாலு மணிக்கு என்றார். "நர்ஸைப் பார்க்கணும். வீட்டு விஷயம்," என்றாள். பொய் அல்ல, மெய்யும் அல்ல. அவர் உள்ளே ஆள் அனுப்பினார்.

பொடிசு வெளியே வரும்போதே முகம் வெளுத்திருந்தது. "அண்ணி? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அத்தை நல்லா இருக்காங்க. இது வேற. பொடிசு, நான் சொல்றத முழுசா கேளு, நடுவுல எதுவும் கேட்காதே." மருந்தின் பெயரைச் சொன்னாள். "ஒரு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளுக்கு அந்த மருந்துக்கு உங்க ஸ்கிரீன் சிவப்பு காட்டாது. பெரியவங்க அளவ அடிச்சாலும் பச்சைதான் காட்டும். ஆறு வாரமா அப்படித்தான். எங்க தப்பு. உள்ள யாருக்காவது அந்த மருந்து போகுதா?"

நாத்தனார் அவளையே பார்த்தாள்.

"ஆறாம் நம்பர் பெட். ஏழு மாசக் குழந்தை. காலைல எட்டு மணிக்கு நான்தான் குடுத்தேன்."

"அளவு?"

"கொஞ்சம் அதிகமாத்தான் தெரிஞ்சுது அண்ணி. சிரிஞ்சுல எடுக்கும்போதே கை நின்னுச்சு. ஆனா ஸ்கிரீன் பச்சையா இருந்துச்சு. டாக்டர் எழுதியிருக்கார், கம்ப்யூட்டரும் சரிங்குது, நாம யாரு கேட்கன்னு..." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று நாற்பது. "ரெண்டு மணிக்கு அடுத்த வேளை. ட்ரேல எடுத்து வச்சுட்டுதான் வந்தேன். பத்து மணிலருந்து குழந்தை பால் குடிக்கல. துடிப்பு குறையுது, ஏன்னு தெரியல, சாயங்காலம் பார்க்கலாம்னு..."

மிச்சத்தைச் சொல்லாமலே திரும்பி ஓடினாள். வார்டில் நர்ஸுகள் ஓடக் கூடாது என்பது விதி. கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இவள் வெளியே நின்றாள். உள்ளே நடப்பது கண்ணாடி வழியாகப் பாதி தெரிந்தது. ஒரு டாக்டர் வேகமாகப் போனார். பிறகு இன்னொருவர். ஒரு தள்ளுவண்டி, அதன்மேல் ஒரு பெட்டி. மடக்குத் திரையை இழுத்து ஒரு படுக்கையை மறைத்தார்கள். அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து ஒரு பெண்ணை வெளியே அனுப்பினார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். தோளில் ஈரத் துணி, கையில் பால் புட்டி. அதே பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தாள். புட்டி நிறையப் பால் இருந்தது.

"திடீர்னு எல்லாரும் வந்து வெளிய இருங்கன்னுட்டாங்க," என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "உங்க குழந்தையும் உள்ளயாங்க?"

"இல்லங்க. என் நாத்தனார் இங்க நர்ஸ்."

"யாரு, அந்த ஒல்லியா, சிரிச்ச முகமா இருப்பாங்களே, அவங்களா? தங்கமான மனுஷி. காலைல எம்பொண்ணுக்கு மருந்து குடுத்தது அவங்கதான். ஒரு சொட்டு வெளிய போகாம குடுத்தாங்க."

அவள் தலையாட்டினாள். சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மனசு. என்ன சொல்வது? நான் ஒரு கட்டத்தில் டிக் போட்டேன், அதனால் உங்கள் குழந்தை உள்ளே கிடக்கிறது என்றா? அந்தப் பெண் மூடியைத் திறந்து பாலை முகர்ந்து பார்த்தாள். கெட்டுப்போச்சோ என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இவள், சொல்ல வேண்டியதை மென்று முழுங்கிக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். பயம் என்றால் நெஞ்சு படபடக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இது வேறாக இருந்தது. உடம்பு முழுக்க மரத்துப்போய், காதில் மட்டும் எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்டது: லிஃப்ட் மணி, செருப்பு உரசல், அந்தப் பெண் மூடியைத் திருகும் ஓசை.

இரண்டே காலுக்கு ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார். குழந்தையின் தாயிடம்தான் பேசினார். மருந்து உடம்பில் கூடிவிட்டது, அதற்கு மாற்று மருந்து கொடுத்திருக்கிறோம், இதயத் துடிப்பு இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது, நாளை இந்நேரம் வரை பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும் என்றார்.

"கூடிருச்சுன்னா? எப்படிக் கூடும்?" என்று தாய் கேட்டாள்.

"அதைத்தாம்மா விசாரிச்சுக்கிட்டிருக்கோம். அடுத்த வேளைய நிறுத்திட்டோம். அதுவும் போயிருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்."

தாயை உள்ளே கூட்டிப் போனார்கள். புட்டி பெஞ்சிலேயே இருந்தது.

நடந்தது என்ன என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. முந்தின நாள் குழந்தையைச் சேர்க்கும்போது எடையை ஆறு கிலோ என்பதற்குப் பதில் பதினாறு என்று யாரோ அடித்துவிட்டார்கள். மருந்தளவை எடைக்கு ஏற்றபடி கணக்கிட்டார்கள். ஏழு மாதக் குழந்தைக்கு இது ஆகாது என்று திரை சிவப்பாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் மேலாளரின் மின்னஞ்சலை மூன்றே முக்காலுக்குத் திறந்தார். அதற்கு முன்பே வார்டில் அந்தத் திரைச் சோதனையை நிறுத்திவிட்டு, அச்சிட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டிருந்தார்கள்.

நாலரைக்கு மேலாளரும் மின்னலும் வந்து சேர்ந்தார்கள். மேலாளர் அவளைப் பார்த்ததும், "யாரைக் கேட்டுக்கிட்டு வந்தே?" என்றார். குழந்தையைப் பற்றி மின்னல் கேட்டு, அவள் சொன்னதும் மேலாளர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நானே கிளம்பியிருக்கணும்," என்றார்.

மறுநாள் மதியம் வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் என்ன சொல்லியும் கேட்கவில்லை. போன் அதிர்ந்தால் தூக்கிவாரிப் போடும். ஒன்றரை மணிக்கு நாத்தனார் அழைத்தாள். ஏழு மாதத்தில் அவளாக அழைத்த முதல் அழைப்பு அது. "துடிப்பு சரியாயிருச்சு அண்ணி. இப்பத்தான் பால் குடிச்சுது," என்றாள். இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு நாத்தனார், "எனக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல," என்றாள். "எனக்கும்தான்," என்றாள் இவள்.

ஆனால் பயம் அதோடு போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. பன்னிரண்டு நாள் கழித்து விசாரணை. ஆஸ்பத்திரித் தரப்பில் மூன்று பேர், நிறுவனத் தரப்பில் நான்கு பேர். அதற்கு முந்தின நாள் மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"பத்தொன்பதாவது கட்டத்தைப் பத்திக் கேப்பாங்க. நீ அதை எப்படிப் பண்ணினேன்னு நான் கேட்கல. பேரில்லாத பதிவு எதுவும் இல்லாத சின்னக் கோப்ப வச்சு டெஸ்ட் பண்ணினோம், அதுல இது தெரியலன்னு சொல்லலாம். யாரும் ஒண்ணும் நிரூபிக்க முடியாது." நிறுத்தினார். "நான் சொல்லச் சொல்லல. சொல்லலாம்னுதான் சொல்றேன்."

அவள் அந்த ராத்திரியைக் கடந்து வந்தது எப்படி என்று அவளுக்கே தெரியாது. மேலாளர் சொன்னபடியே சொல்லிவிடலாம் என்றுதான் காலையில் நினைத்துக்கொண்டு போனாள். ஒரு வரிதான். எட்டு வருஷ வேலை, மகள் படிப்பு, எல்லாம் அந்த ஒரு வரியில் தப்பித்துவிடும். நீள மேசை. நடுவில் தண்ணீர் ஜாடி. அவள் கையெழுத்திட்ட பட்டியலைப் படமெடுத்துப் பெரிதாக அச்சிட்டு எல்லோர் முன்னாலும் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரித் தரப்பில் வந்த மூவரில் ஒருவர் அந்த டாக்டரம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"பத்தொன்பது. இதை எப்படிச் சோதிச்சீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். மேலாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்னல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சோதிக்கல," என்றாள்.

"புரியல."

"அந்தச் சோதனைய நான் செய்யவே இல்ல. செய்யாம டிக் போட்டேன். என் பொண்ணுக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு, கிளம்பிட்டேன். போன தடவையெல்லாம் சரியா இருந்துச்சேன்னு போட்டுட்டேன்." நிறுத்த முடியவில்லை. "வேற கட்டம் எதுலயும் அப்படிப் பண்ணினதில்ல. ஆனா நீங்க அதை நம்பணும்னு இல்ல. எல்லாத்தையும் திரும்ப யாராவது பார்க்கட்டும்."

பிறகு மின்னல் தொண்டையைச் செருமினான். "அந்தப் படிய எடுத்தது நான்தாங்க. எடுத்தேன்னு வெளியீட்டுக் குறிப்புல எழுதல. எழுதியிருந்தா அக்கா பார்த்திருப்பாங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். எழுதி முடித்து நிமிர்ந்து, "எடைய தப்பா அடிச்சது எங்க ஆள்," என்றார். "அதையும் எழுதிக்கறேன்."

அவளை வேலையிலிருந்து நீக்கவில்லை. கையெழுத்திடும் பொறுப்பை மட்டும் எடுத்துவிட்டார்கள். இனி அவள் செய்த சோதனைகளை வேறொருவர் பார்த்துக் கையெழுத்திடுவார். அவளுடைய எட்டு வருஷச் சோதனைகளையும் இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி செய்தார்கள். அது இரண்டு மாதம் ஓடியது. ஒவ்வொரு நாளும் காலையில் அலுவலகப் படியேறும்போது, இன்றைக்கு இன்னொன்று அகப்படுமோ என்று அவளுக்குப் பயம் வரும். மற்றவையெல்லாம் தான் நிஜமாகவே செய்தவைதான், தெரியும், இருந்தும் வரும். வேறொன்றும் அகப்படவில்லை.

குழந்தை ஒன்பதாம் நாளே வீட்டுக்குப் போய்விட்டது என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி நடந்ததையெல்லாம் எழுத்தில் பெற்றோருக்குக் கொடுத்ததும் அவளுக்குத் தெரியும். ஒருநாள் மாலை நாத்தனார் மாமியாரைப் பார்க்க வந்தபோது, சமையலறையில் வைத்து மெல்லச் சொன்னாள்.

"இன்னைக்கு அந்தக் குழந்தைய செக்கப்புக்குக் கொண்டு வந்தாங்க அண்ணி. நல்லா கொழுகொழுன்னு இருக்கு. அவங்கம்மா கேட்டாங்க, அன்னைக்கு பெஞ்சுல எங்கூட உட்கார்ந்திருந்தாங்களே, உங்க அண்ணி, அவங்க எதுக்கு அங்க வந்தாங்கன்னு. நான் சொல்லிட்டேன்."

இவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. முழுசா கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் குழந்தைக்குத் தொப்பிய போட்டு, எழுந்து போயிட்டாங்க."

உள்ளறையிலிருந்து மாமியார், "ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?" என்று குரல் கொடுத்தார். "வர்றோம் அத்தை," என்றாள் அவள். ஆனால் உடனே போகவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நாத்தனாரும் கூடவே நின்றாள்.